பாலியல் வன்முறையைத் தடுக்க நாம் கூடி என்ன செய்யலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாலியல் வன்முறை நடந்த பிறகு என்ன செய்வது என்று பலரும் எழுதுகிறார்கள். நடக்காமலிருக்க சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டு இம்முறை நிறையக் கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பெயர் விவரங்களை நீக்கிப் பதில் தருகிறோம். தடுப்பு ஆய்விலும் களப்பணியிலும் இருக்கும் எங்கள் குழு எழுதியது இது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒருநாள் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறோம். பேச்சாளர், துண்டறிக்கை, உறுதிமொழி எல்லாம் தயார். வேறு என்ன சேர்க்கலாம்?

கூட்டம் நடக்கட்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த விஷயத்தை மேடையில் பேசிய அன்றே யாராவது ஒருவர் உங்களைத் தனியாக அழைத்து, “எனக்கும் நடந்திருக்கு” என்று சொல்லக்கூடும். அவரை எங்கே அழைத்துப்போவீர்கள்? எந்த மருத்துவமனை, எந்த உதவி எண், கூடப் போகிறவர் யார் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். துண்டறிக்கையில் அச்சடிக்கப்போகும் எண்ணை நீங்களே இரவு பதினொரு மணிக்கு அழைத்துப் பாருங்கள். யாரும் எடுக்காத எண்ணை அச்சடித்தால், தைரியம் வந்து அழைக்கிற ஒருவருக்கு அதுவே கடைசி முயற்சியாகப் போய்விடலாம்.

கூட்டத்தோடு நிறுத்தினால் தகவல் போய்ச் சேரும், நடத்தை மாறாது. வந்து உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஒத்த கருத்து உள்ளவர்கள். யாரிடம் பேச வேண்டுமோ அவர் வரமாட்டார். உகாண்டாவின் கம்பாலா நகரில் ‘சாசா’ என்ற திட்டம் இதற்கு வேறு வழி கண்டது. சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்கு ‘இப்போது’ என்று பொருள். அந்தந்தத் தெருவில் வாழும் சாதாரணப் பெண்களையும் ஆண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மேடை போடவில்லை. ஆட்கள் வழக்கமாகக் கூடுகிற இடத்தில் இரண்டு பேர், ஐந்து பேராகப் பேசினார்கள். பேச்சை வன்முறையிலிருந்து தொடங்காமல், வீட்டில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் இது நடந்தது. 2014-ல் வெளியான ஆய்வில், திட்டம் நடந்த பகுதிகளில் துணைவரிடமிருந்து பெண்கள் அனுபவித்த உடல்ரீதியான வன்முறை மற்றப் பகுதிகளைவிடப் பாதி அளவுக்கு இருந்தது. எட்டே பகுதிகளில் செய்த ஆய்வு என்பதால் அந்த ‘பாதி’யை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எவ்வளவு காலம் ஆகும், எந்த வழியில் போக வேண்டும் என்று அது காட்டுகிறது.

உங்கள் அளவில், பாதிக்குப் பாதி ஆண்களாக எட்டுப் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இரண்டு நாள் பயிற்சி, பிறகு மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம். ஒவ்வொருவரும் மாதத்துக்கு இரண்டு சிறு உரையாடல் நடத்தினால் போதும். உறுதிமொழியை விட்டுவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

இரவில் எங்கள் தெருவில் நடக்கவே பயமாக இருக்கிறது. சங்கத்தில் சொன்னால் “எங்கே, என்ன பிரச்சினை என்று சரியாகச் சொல்லுங்கள்” என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடித்துச் சொல்வது?

நடந்து பார்த்துத்தான். பாதுகாப்பு நடை என்று இதற்குப் பெயர். 1989-ல் டொராண்டோ நகரில் மெட்ராக் என்ற அமைப்பு இதற்கான கேள்வித்தாளையும் முறையையும் வகுத்தது. பிறகு பல நாட்டு நகரங்கள் அதைத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டன.

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். அதற்கு மேல் போனால் அது ஊர்வலமாகிவிடும், தெரு தன் இயல்பில் இருக்காது. பாதிக்கு மேல் அந்த வழியை அன்றாடம் பயன்படுத்தும் பெண்களாக இருக்க வேண்டும். ஒரு பதின்வயதுப் பெண், இரவுப் பணி முடிந்து திரும்புகிற ஒருவர், ஊன்றுகோலிலோ சக்கர நாற்காலியிலோ போகிற ஒருவர் கட்டாயம் வேண்டும். நம் கண்ணுக்குப் படாதது அவர்கள் கண்ணுக்குப் படும். தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். இருட்டிய பிறகு, வேலைநாளில், நீங்கள் பயப்படுகிற அதே நேரத்தில் நடக்க வேண்டும். ஒருவர் கையில் வரைபடம், ஒருவர் குறிப்பெடுக்க, ஒருவர் படமெடுக்க.

நூறு அடிக்கு ஒருமுறை நின்று இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எதிரே வருகிறவரின் முகம் எவ்வளவு தூரத்தில் அடையாளம் தெரிகிறது? பத்துப் பதினைந்து மீட்டரிலாவது தெரிய வேண்டும். அப்போதுதான் விலகிப்போக நேரம் இருக்கும். இங்கே கத்தினால் யார் காதில் விழும்? ஒருவர் மறைந்து நிற்க இடம் இருக்கிறதா? வழியை மறித்தால் வெளியேற இன்னொரு பாதை உண்டா? இந்த நேரத்தில் வேறு பெண்கள் நடமாடுகிறார்களா?

விளக்கு விஷயத்தில் பலரும் தவறிவிடுகிறார்கள். கண்ணைக் கூசவைக்கிற ஒரே ஒரு பெரிய விளக்கைப் போட்டால் அதன் கீழே பகல், அடுத்த இருபது அடி கும்மிருட்டு. அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு இருட்டில் நிற்பவர் தெரியமாட்டார். அவருக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். சீரான இடைவெளியில் நடுத்தர வெளிச்சம்தான் உதவும். பல இடங்களில் புது விளக்கே தேவைப்படாது. இருக்கிற விளக்கை மறைக்கும் கிளையை வெட்டினால் போதும்.

முடிந்ததும் “விளக்கு வேண்டும்” என்று பொதுவாக மனு எழுதாதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே அதைச் சரிசெய்ய வேண்டியவர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வழியில் மறுபடி நடங்கள். சில தீர்வுகளுக்குச் செலவே இல்லை: டொராண்டோ, மாண்ட்ரியல் நகரங்களில் இரவில் பெண்கள் கேட்டால் இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவிலேயே, வீட்டுக்குக் கிட்டத்தில் பேருந்தை நிறுத்துகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். உங்கள் வரைபடம் “பெண்கள் இங்கெல்லாம் போகக்கூடாது” என்ற பட்டியலாக மாறிவிடக்கூடாது. மாற வேண்டியது இடம். அடுத்தது, தெருவைச் சரிசெய்வதோடு வேலை முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 மதிப்பீட்டின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் துணையல்லாதவரால் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் 6 சதவீதம். திருமணமான அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் 26 சதவீதம் பேர் அந்தத் துணையிடமிருந்தே உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். தெருவிளக்கு அந்த வீட்டுக்குள் எட்டாது.

பள்ளியில் இதே மாதிரி செய்ய முடியுமா?

முடியும். நியூயார்க் நகரின் 30 நடுநிலைப் பள்ளிகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். எந்த மாடிப்படி, எந்த நடைகூடம் தொந்தரவான இடம் என்று மாணவர்களே பள்ளி வரைபடத்தில் குறித்துக் கொடுத்தார்கள். அந்த இடங்களில் ஆசிரியர்களின் நடமாட்டத்தை அதிகப்படுத்தினார்கள். சீண்டியவர் சீண்டப்பட்டவரிடம் நெருங்கக்கூடாது என்று பள்ளியளவில் எழுத்துப்பூர்வமான தடையும் இருந்தது. வகுப்பறைப் பாடம் மட்டும் நடத்திய பள்ளிகளில் மாற்றமில்லை. கட்டடத்தளவில் இந்த வேலைகளைச் செய்த பள்ளிகளில் சக மாணவர்களின் பாலியல் வன்முறை குறைந்தது. பாடத்துக்கே முழு நேரத்தையும் செலவிடும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேருந்தில் சீருடையில் இருந்த ஒரு பெண்ணை ஒருவர் உரசிக்கொண்டே நின்றார். எல்லோரும் பார்த்தோம். யாரும் எதுவும் செய்யவில்லை, நானும்தான். என்ன செய்திருக்க வேண்டும்?

நீங்கள் உறைந்துபோனதற்குக் காரணம் கல்நெஞ்சு அல்ல. கூட்டத்தில் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறோம். அவர் அசையாததைப் பார்த்து ‘பெரிதாக ஒன்றுமில்லை போல’ என்று நினைத்துக்கொள்கிறோம். 1968-ல் டார்லி, லட்டானே என்ற உளவியலாளர்கள் சோதனைகள் நடத்தி இதைக் காட்டினார்கள். ஆள் கூடக் கூட, ‘நான்தான் செய்ய வேண்டும்’ என்ற எண்ணம் குறைகிறது. முன்கூட்டியே வாயில் தயாராக ஒரு வாக்கியம் இருந்தால் இதைத் தாண்டலாம்.

முதலில் அந்தப் பெண்ணிடம் போங்கள், அந்த ஆளிடம் போக வேண்டாம். “இங்க வந்து உக்காரும்மா” என்று இடம் கொடுங்கள். இடமில்லையென்றால் இருவருக்கும் நடுவே போய் நின்று, “அடுத்த ஸ்டாப் எதும்மா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். பெரும்பாலும் இதுவே போதும்; யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் நகர்ந்துவிடுவார். நகராவிட்டால் “சார், நீங்க அவங்க மேல உரசிட்டு நிக்கிறீங்க. தள்ளி நில்லுங்க” என்று செய்கையை மட்டும் சொல்லுங்கள். திட்டினால் பேச்சு உங்களுக்கும் அவருக்குமான சண்டையாகத் திசைமாறும். உதவி வேண்டுமென்றால் “யாராவது வாங்க” என்று கூப்பிடக்கூடாது. “நீலச் சட்டை அண்ணா, டிரைவர்கிட்ட சொல்லுங்க” என்று ஒருவரைச் சுட்டிக் கூப்பிடுங்கள். சுட்டப்பட்டவரால் ஒதுங்க முடியாது.

படமெடுத்தால் அது அந்தப் பெண்ணுக்குச் சொந்தம். அவரிடம் கொடுத்துவிடுங்கள்; எங்கும் பகிராதீர்கள்.

அந்த நேரத்தில் எதுவுமே செய்ய முடியாமல் போனாலும், இறங்கிய பிறகு “நான் பார்த்தேன்மா. உன்மேல தப்பில்ல. கூட யாராவது வரணுமா?” என்று கேட்பதற்கு மதிப்பு உண்டு. எல்லோரும் பார்த்தும் யாரும் வாய் திறக்கவில்லை என்ற நினைவு, அந்த உரசலைவிடப் பல ஆண்டுகள் கூடவே வரும்.

கும்பல் கூடி அடிப்பது எங்கள் பார்வையில் தோல்விதான். எல்லோர் கண்ணும் அடிவாங்குகிறவர் மேல் போய்விடும், அந்தப் பெண் தனியே நிற்பார். செய்தி வீட்டுக்குப் போனதும் அவருடைய படிப்புத்தான் முதலில் நிற்கும்.

இந்த வாக்கியங்களை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொல்லிப் பார்த்தது அந்த நேரத்தில் வராது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 26 உயர்நிலைப் பள்ளிகளில் இப்படித் தலையிடுவதற்கான பயிற்சியை ஆய்வு செய்தபோது, மூன்றாம் ஆண்டிலிருந்துதான் பாலியல் வன்முறை குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. முதலாண்டில் பலனைத் தேடிவிட்டுத் திட்டத்தை நிறுத்துகிறவர்கள் பலர்.

பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்றுக்கொடுத்தால் போதாதா?

எந்த வகைப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. கனடாவில் பல்கலைக்கழக மாணவியருக்கு நான்கு அமர்வுகளில் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். வல்லுறவுக்கு ஆளானவர்கள் பயிற்சி பெறாத குழுவில் 9.8 சதவீதம், பெற்ற குழுவில் 5.2 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. ஆனால் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் குத்தும் உதையும் இல்லை. தெரிந்தவர், நண்பர், காதலர் எல்லை மீறும்போது ஆபத்தை எப்படி உணர்வது, ‘அவர் மனம் புண்படுமே’ என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது என்பதற்கு அதில் பெரும்பங்கு. மாதக்கணக்கில் கராத்தே கற்றவரும் தெரிந்தவரிடம் கையோங்கத் தயங்குவார். பயிற்சி பெற்றும் தடுக்க முடியாமல் போனால் குற்றம் செய்தவர்தான் பொறுப்பு என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆண் பிள்ளைகளிடம் யார் பேசுவது? நாங்கள் பேசினால் எழுந்து போய்விடுகிறார்கள்.

அவர்கள் மதிக்கிற ஆண் பேசட்டும், சுருக்கமாக. அமெரிக்காவில் விளையாட்டுப் பயிற்சியாளர்களை வைத்து ஒரு திட்டம் நடக்கிறது: பருவம் முழுக்க வாரம் ஒருமுறை, பயிற்சிக்கு முன் 10–15 நிமிடம், ஒரே ஒரு விஷயம். ஒரு வாரம் கேலிப்பேச்சு, ஒரு வாரம் சம்மதம் கேட்பது, இன்னொரு வாரம் நண்பன் தப்பு செய்யும்போது என்ன சொல்வது. அதே ஆள் ஆட்டத்தின்போது “பொம்பளை மாதிரி ஓடாதே” என்று கத்தினால் எல்லாம் வீண்.

சிறுவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சி மையம் நடத்துகிறேன். எல்லோரும் நல்லவர்கள்தான். இருந்தாலும் என்ன விதிகள் வேண்டும்?

‘எல்லோரும் நல்லவர்கள்’ என்பதை விதியின் அடிப்படையாக வைக்காதீர்கள். குழந்தையைக் குறிவைப்பவர் முதல்நாளே தப்பு செய்யமாட்டார். தனிக் கவனிப்பு, சின்னப் பரிசு, “இது நமக்குள்ள இருக்கட்டும்” என்று ஒரு ரகசியம், பிறகு தற்செயல் போல ஒரு தொடுதல். ஒவ்வொரு படியிலும் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துத்தான் அடுத்த படி. விதி இல்லாத இடத்தில் இதைக் கவனிக்கிற சக பயிற்சியாளருக்கு ஒரு பெரிய குற்றச்சாட்டைச் சொல்வதைத் தவிர வழியில்லை. ஆதாரமில்லாமல் யார் சொல்வார்? “மாணவரைத் தனியாக வண்டியில் ஏற்றக்கூடாது” என்று எழுதி ஒட்டியிருந்தால், “அந்தப் பயிற்சியாளர் நேற்று ஒரு மாணவரைத் தனியாக ஏற்றிப்போனார்” என்று மட்டும் சொன்னால் போதும். சின்ன மீறலைச் சின்னதாக இருக்கும்போதே பேச விதி இடம் கொடுக்கிறது. நல்ல பயிற்சியாளருக்கும் இது பாதுகாப்பு.

தனிப்பயிற்சி என்றாலும் மற்றவர் கண்ணுக்குப் படுகிற இடத்தில் நடக்கட்டும். அறையென்றால் கதவில் கண்ணாடி, அதில் சுவரொட்டி ஒட்டாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குத் தனியாகக் குறுஞ்செய்தி அனுப்பக்கூடாது, பெற்றோரும் இருக்கிற குழுவில்தான். உடை மாற்றும் அறைக்குள் எவர் கையிலும் போன் கூடாது. கையைப் பிடித்துத் திருத்த வேண்டியிருந்தால், “தோளைத் தொட்டுக் காட்டட்டுமா?” என்று கேட்டு, பிள்ளை தலையாட்டிய பிறகு. வெளியூர்ப் போட்டியில் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரே அறையில் தங்கக்கூடாது. ஆள் எடுக்கும்போது முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களுக்கு நீங்களே போன் செய்து, “இவரை மறுபடி பிள்ளைகளுக்குப் பொறுப்பாகப் போடுவீர்களா?” என்று கேளுங்கள். மறுமுனையில் தயக்கம் தெரிந்தால் விடாமல் காரணத்தைக் கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஒரு அரசு விசாரணை ஆணையம் பள்ளிகள், தேவாலயங்கள், விளையாட்டுக் கழகங்கள் என நிறுவனங்களில் நடந்த சிறார் பாலியல் கொடுமைகளை ஆராய்ந்து, குழந்தைகளுக்குப் பாதுகாப்பான நிறுவனத்துக்குப் பத்துத் தர அளவுகோல்களை வகுத்தது. அதன் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிவந்தது, நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றப் புகாரை அமுக்கிய கதைதான். பதக்கம் வாங்கித்தருகிற மூத்த பயிற்சியாளருக்கு ‘அவருக்கு மட்டும்’ என்று விலக்குக் கொடுத்த அன்றே உங்கள் விதி செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகார் வாங்க இருவர் வேண்டும், அதில் ஒருவர் மையத்துக்கு வெளியே இருப்பவர். புகார் வந்த அன்றே அந்த ஆளைப் பிள்ளைகளிடமிருந்து விலக்குங்கள். குழந்தையை ஆளாளுக்குக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். பல நாடுகளில் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை.

தோழி ஒருத்தி நேற்று நடந்ததை என்னிடம் சொன்னாள். என்ன பேசுவதென்றே தெரியவில்லை.

“நீ சொன்னதை நம்புறேன். இது உன் தப்பில்ல.” முதலில் இவ்வளவு போதும். “ஏன் அங்க போன?”, “ஏன் கத்தல?” போன்ற ‘ஏன்’ எதுவும் வேண்டாம். பலருக்கு அந்த நேரத்தில் உடல் மரத்துப்போகும், குரல் எழும்பாது. அது பயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினை. பிறகு “இப்ப உனக்கு என்ன வேணும்?” என்று கேட்டு, அவள் சொல்கிற வேகத்தில் போங்கள். அவள் சம்மதமில்லாமல் இன்னொருவரிடம் சொல்லாதீர்கள்.

ஆனால் மருத்துவத்துக்குக் காலக்கெடு இருக்கிறது, அதை மென்மையாகச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரை ஐந்து நாள் வரை வேலை செய்யும், நாளாக ஆகப் பலன் குறையும். உள்காயத்துக்கும் பிற தொற்றுகளுக்கும் மருத்துவர் பார்க்க வேண்டும். புகார் கொடுக்கலாமா என்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றாலும், முடிந்தால் பரிசோதனைக்கு முன் குளிக்க வேண்டாம். அன்று அணிந்த துணியைத் துவைக்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்; ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டாள், துவைத்துவிட்டாள் என்றாலும் போகலாம். சிகிச்சை பெற அது தடையில்லை.

எங்கள் சமூகப் பெரியவர்கள் “வெளியே போனால் மானம் போகும், நமக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்” என்கிறார்கள். அதுவும் சமூகம் சேர்ந்து செய்கிற வழிதானே?

இல்லை. அப்படிப் பேசி முடிப்பதில் யாருடைய மானம் காப்பாற்றப்படுகிறது என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவரிடம் கேட்காமலே பணம், மன்னிப்பு, சில சமயம் அவருக்கே கல்யாணம் என்று முடிவாகும். குற்றம் செய்தவர் அதே தெருவில் நடப்பார், அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போவார். குழந்தை சம்பந்தப்பட்டதென்றால் உள்ளுக்குள் பேசித் தீர்ப்பதற்கு இடமே கிடையாது.

சமூகம் பொறுப்பேற்பது எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்றைச் சொல்லலாம். கனடாவின் ஹாமில்டனில் 1994-ல் தொடங்கிய முறை இது. சிறுவர்களிடம் பாலியல் குற்றம் செய்து தண்டனை முடித்து வெளியே வந்த ஒருவரைச் சுற்றி, பயிற்சி பெற்ற தன்னார்வலர் நாலைந்து பேர் அமர்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் உளவியல், சட்டம் தெரிந்தவர்கள். யாருடன் பழகுகிறார், எங்கே போகிறார், தனிமையில் என்ன நினைக்கிறார் என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். வேலை தேடவும் உதவுகிறார்கள். மீறினால் அதிகாரிகளுக்குச் சொல்வோம் என்பது முதல்நாளே பேசிக்கொண்ட விஷயம். நீதிமன்றமும் தண்டனையும் முடிந்த பிறகு, மறுபடி யாரும் பாதிக்கப்படாமலிருக்க ஊர் செய்கிற வேலை அது.

அடுத்தமுறை பெரியவர்கள் கூடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் எந்த நேரத்திலும் காவல்துறைக்குப் போகலாமா? குற்றம் செய்தவர் இனி என்னென்ன செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறதா? அதை வாரந்தோறும் பார்க்கப்போவது யார், பெயரென்ன?

ஓராண்டாக வேலை செய்கிறோம். புகார்கள் முன்பைவிடக் கூடியிருக்கின்றன. தோற்றுவிட்டோமா?

பெரும்பாலும் இல்லை. முன்பு சொல்லாதவர்கள் இப்போது சொல்கிறார்கள். இதைப் பார்த்துப் பயந்து திட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். புகார் எண்ணிக்கையோடு வேறு சிலவற்றையும் எண்ணுங்கள். நடந்ததற்கும் சொன்னதற்கும் இடையே எத்தனை நாள்? இந்த இடைவெளி குறைந்தால் நம்பிக்கை வளர்கிறது. தனக்கு நடந்ததைச் சொல்ல வந்தவர்கள் எத்தனை, பார்த்ததைச் சொல்ல வந்தவர்கள் எத்தனை? சின்ன மீறல்கள் எத்தனை வருகின்றன, முற்றிய பிறகு வருபவை எத்தனை? ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பெயர் எழுதாத தாளில், “கடந்த ஆறு மாதத்தில் இங்கே உங்களுக்கு இப்படி நடந்ததா?”, “யாருக்காவது நடந்ததைப் பார்த்தீர்களா, என்ன செய்தீர்கள்?” என்று எல்லோரிடமும் கேளுங்கள். எல்லோரும் தாளை மடித்துப் பெட்டியில் போட வேண்டும், ஒன்றும் நடக்காதவரும் கூட. அப்போதுதான் யார் எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து அடையாளம் தெரியாமலிருக்க, எழுதவைக்காமல் கட்டத்தில் குறியிட வையுங்கள். பெட்டியைத் திறப்பவர் உங்கள் குழுவுக்கு வெளியே இருப்பவராக இருக்கட்டும்.